கடைசியாக ஊட்டிய கை

ஏப்ரல் 18, வெள்ளி

இந்த டைரியை ஜனவரியில் மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனார். இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இன்று எழுதக் காரணம், யாரிடமாவது கத்த வேண்டும். வீட்டில் கத்தினால் இழவு வீட்டில் என்ன சத்தம் என்கிறார்கள்.

அய்யாவை, அதாவது என் அப்பாவின் அப்பாவை, நேற்று சாயங்காலம் எடுத்தாயிற்று. காலையில் சுடுகாட்டுக்குப் போய்ப் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். திரும்பி வரும் வழியில் முக்குரோட்டில் பிளெக்ஸ் கட்டியிருப்பதாக அப்பா சொன்னார். போய்ப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மதுரையில் பெரியப்பா வீட்டு சோபாவில் உட்கார வைத்து எடுத்த படம். முழுக்கைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டு. எண்பத்து நான்கு வயதில் கல்யாண வீடு தவிர அய்யா மேலே சட்டையை இந்த ஊர் பார்த்ததே கிடையாது. யாரோ பிடித்து வைத்து வேஷம் போட்ட மாதிரி இருக்கிறது. கீழே எழுதியிருப்பது இது: ‘குடும்பத்தாரின் அன்பு மழையில் நனைந்து இயற்கை எய்தினார்.’ அய்யா பெயரைவிட ‘மா.சோ.நாகராசன், மதுரை’ என்ற பெரியப்பா பெயர் பெரிய எழுத்து.

அஞ்சாவது மாடியில் எட்டு மாதம் பூட்டி வைத்துவிட்டு அன்பு மழையாம். நனைந்தாராம்.

அய்யா பையில் கிடந்த மருந்து மாத்திரைகளை எல்லாம் அள்ளிக் குப்பைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். அம்மா, “அதுக்குள்ள என்னடி அவசரம்?” என்றாள். தேவையில்லாதது வீட்டில் எதற்கு என்றேன்.

ஏப்ரல் 19, சனி

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டு. சோணமுத்து நல்ல மனுசன், தங்கமான குணம். பொய். அய்யா தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. வாயைத் திறந்தால் வசவு. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரத்தில் ஏறிக் கொக்கு முட்டை எடுத்தான் என்று பக்கத்து ஊர்க்காரன் ஒருவனைக் கன்னத்தில் அறைந்து, அவன் போலீசுக்குப் போய், அய்யா ஸ்டேஷனுக்குப் போனார். போனவர் உள்ளே வரமாட்டேன், மரத்தடியில் விசாரியுங்கள் என்றார். விசாரித்தார்கள்.

கூரைக்குக் கீழே அவருக்கு மூச்சு முட்டும். “வீடு நெல்லு நனையாம இருக்கக் கட்டுனது. நெல்லு படுத்துக்கிரட்டும்” என்பார். அவர் படுக்கை கண்மாய்க் கரையில், மடைக்குப் பக்கத்தில், கயிற்றுக் கட்டிலில். மழை வந்தால் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மழை விட்டதும் சாக்கைப் பிழிந்துவிட்டுப் படுப்பார். தண்ணீரில் குமிழி வருவதைப் பார்த்தே இது விரால், இது கெளுத்தி என்பார். தப்பாகச் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். குமிழி விட்டது விரால்தான், நீங்கள் பிடித்தது வேறு மீன் என்பார்.

நான் மதுரையில் பி.ஃபார்ம் படித்தபோது ஒரு தரம் ஹாஸ்டலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. எதிரே வேப்பமரத்தடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு கொடுத்துவிட்டு, “இந்த ஊர்ல காத்து எங்கிட்டிருந்து வருதுன்னே தெரியல, நீ எப்படி இருக்க?” என்று கேட்டார். அந்த மனிதரைத்தான் அதே மதுரையில் கொண்டுபோய் வைத்தார்கள். புறா வரக்கூடாது என்று பால்கனிக்கும் வலை கட்டிய வீடு அது. வலை என்றால் மீனுக்குப் போடுவது என்று தெரிந்தவர், வலைக்கு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

இதை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. அழுகை வரவில்லை. வரவேண்டிய இடத்தில் எல்லாம் இதுதான் வருகிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் ஊர் முறைகளை நடத்துகிற அம்பலம் ராமநாதன் வந்தார். கூடவே நாலு பெரிய மனிதர்கள். வந்தவர்கள் துக்கம் மட்டும் கேட்டுவிட்டுப் போக வரவில்லை.

எங்கள் ஊரில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடி நடக்கும். ஊரே கரையில் நிற்கும். அய்யா மடைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். வீசிய பிறகுதான் எல்லோரும் ஊத்தாவும் கையுமாகச் சேற்றுக்குள் ஓடலாம். ஊத்தா என்பது மீனை மேலிருந்து கவிழ்த்துப் பிடிக்கிற மூங்கில் கூடை. பிடித்த மீனை விற்கக் கூடாது, குழம்பு வைத்துத்தான் தின்ன வேண்டும். துண்டு வீசுவது எங்கள் வீட்டு உரிமை. துண்டு வீசும் வீட்டில் தீட்டு இருந்தால் யாரும் கண்மாயில் கால் வைக்கக் கூடாது.

மீன்பிடிக்கு நாள் குறித்தது வருகிற ஞாயிற்றுக்கிழமை, இருபத்தேழு. குறித்தவரே அய்யாதான். தீட்டுக் கழிவது பதினாறாம் நாள், மே மாதம் இரண்டு.

“மடையடியில முழங்கால் தண்ணிதான் கிடக்கு. இந்த வெயிலுக்கு இன்னும் ஏழெட்டு நாளுக்கு மேல தாங்காது. செத்து மெதந்துச்சுன்னா ஊரே நாறிப்போகும்” என்றார் அம்பலம். “சனிக்கிழமையே கருமாதிய முடிச்சுட்டீகன்னா, மறுநாளு துண்டு வீசிரலாம். வீட்டுக்காரவுக சம்மதிக்கணும்.”

பெரியப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “தாராளமா. எனக்கும் லீவு முடியுது. துண்டு நான் வீசுறேன்” என்றார்.

நாற்பது வருஷமாகக் கண்மாய்க் கரையில் கால் வைக்காத மனிதர். சேறு பட்டால் அலர்ஜி என்பார். அய்யா செத்து மூன்று நாள்தான் ஆகிறது, துண்டுக்குக் கை நீட்டுகிறார்.

“நான் சம்மதிக்க மாட்டேன்” என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா, “உன்னைய யாருத்தா கேட்டது?” என்றார். கேட்டுத்தான் ஆக வேண்டும், அப்பாவுக்கும் தெரியும். கருமாதி முடிவில் பிள்ளைகள் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்து முழுகினால்தான் தீட்டுக் கழியும். எங்கள் வீட்டில் முதல் எண்ணெயை வைக்க வேண்டியது, போனவருக்குக் கடைசியாக வாயில் ஊட்டிய கை. அந்தக் கை என்னுடையது. புதன்கிழமை சாயங்காலம் அய்யாவுக்குப் பால் கொடுத்தது நான்.

“பதினாறு நாளு துக்கம் காக்கக்கூட அவருக்குத் தகுதியில்லையா?” என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். கோபம்தான்.

ஏப்ரல் 21, திங்கள்

நான் மருந்து கொடுக்கும் வேலை பார்க்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் லீவு நீட்டித்து எழுதிக் கொடுத்தேன். டாக்டரம்மா, “எய்ட்டி ஃபோர், நல்ல சாவு வாசுகி” என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

இட்லிக்கு ஊறப் போட வேண்டும். உளுந்து இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

பந்தலில் நான், பெரியப்பா, அப்பா மூன்று பேர் மட்டும். பெரியப்பா சமையல்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக்கு இருநூறு இலை என்றார். நான் சம்மதிக்கவில்லை என்பது அவர் காதிலேயே ஏறவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

“எட்டு மாசம் பூட்டி வச்சீங்களே, அதுக்கு எத்தனை இலை போடலாம் பெரியப்பா?” என்றேன்.

போனை வைத்தார். “பூட்டாம? அஞ்சு மாடி இறங்கிப் போயி ரிங்ரோட்டுல நடுவுல நின்னாரு. போலீஸ்காரன் கொண்டாந்து விட்டான். ரெண்டாந் தரம் லாரி இடிக்கப் பாத்துச்சு. வாசுகி, நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?”

“இங்க கொண்டாந்து விட்டிருப்பேன்.”

“இங்கதான இருந்தாரு மொதல்ல? கரைமேட்டுல உருண்டு விழுந்து கை முறிஞ்சப்ப, எங்களால பாக்க முடியலன்னு சொன்னது யாரு? ஒங்கப்பன்தான போன் போட்டான்?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா எப்போதும் இதைத்தான் செய்வார்.

“உங்களுக்கு அவரு மேல பாசமே கிடையாது” என்றேன்.

அப்போது பெரியப்பா எழுந்து நின்றார். குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. “எங்கம்மா செத்தப்ப இவரு எங்க இருந்தாரு தெரியுமா? ஒனக்குத் தெரியாது. எட்டூருக் கம்மாயில மீன்பிடின்னு போனவரு அஞ்சு நாளா ஆளக் காணோம். எங்க தேடுறது? வானத்துக்குக் கீழதான் இருக்காருன்னு சொன்னாக ஊர்ல, சிரிச்சுக்கிட்டு. எனக்குப் பதினோரு வயசு. நாந்தான் கொள்ளி வச்சேன். மறுநாளு வந்தாரு, தோள்ல ஊத்தாவோட. ஒங்கப்பனுக்கு மூணு வயசு. ‘அப்பா மீனு கொண்டாந்துச்சு’ன்னு ஓடுனான்.”

இது எனக்குத் தெரியாது. அய்யா சொன்னதில்லை, அப்பாவும் சொன்னதில்லை. ஆனாலும் நான் விடவில்லை. “அதுக்குத்தான் பழி வாங்குனீங்களா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. அய்யாவின் காடு கரையில் எனக்கு வந்த பங்கு இந்த வாய் மட்டும்தான்.

பெரியப்பா என்னையே பார்த்தார். “பூட்டுனது நான். அத எந்தச் சபையிலயும் ஒத்துக்குவேன். மிச்சத்தச் சொல்ல வேணாம்னு பாக்குறேன்” என்றார்.

அதற்கு மேலும் ஒன்று சொன்னார்.

ஏப்ரல் 23, புதன்

பெரியப்பா சொன்னதை எழுத மாட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

குழாயடியில் யாரும் என்னோடு பேசவில்லை. நான் குடத்தை வைத்ததும் பேச்சு நின்றது. முத்துராக்கு அத்தை மட்டும் நேருக்கு நேர் கேட்டாள். “ஏண்டி, ஊத்தாவுக்குப் புதுக் கயிறு கட்டி வச்சிருக்கேன். எம்மக திருப்பூர்லருந்து லீவு போட்டு வாரா, பேத்திக்கு மீன்பிடி காட்டணும்னு. ஒங்கய்யாவே உசிரோட இருந்தா ஒன்னைய ஓங்கி ஒண்ணு வச்சிருப்பாக.”

வைத்திருப்பார்தான். எனக்குத் தெரியாதா?

குடத்தைக் கரையில் வைத்துவிட்டு மடைப்பக்கம் போனேன். தண்ணீருக்குள் போகக் கூடாது, கரையில் நிற்கலாம். வெள்ளக்கண்ணு சின்னய்யா அங்கே உட்கார்ந்திருந்தார். அய்யாவுக்குப் பத்து வயது இளையவர், ஐம்பது வருஷக் கூட்டாளி. அய்யா மடையில் நின்றால் இவர் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கில் நிற்பார். அய்யா திட்டினால் இவர் சிரிப்பார். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

தண்ணீர் காப்பி நிறத்தில் கிடந்தது. மீனெல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறக்கிறது. ஓரத்தில் கெண்டை பத்திருபது செத்து மிதக்கிறது. ஒரு பெரிய விரால் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பார்க்க முடியவில்லை. சேற்றில் மீனை மூச்சுத் திணறிச் சாகவிட்ட ஊருக்கு அடுத்த வருஷம் மழை பெய்யாது என்று கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர் அய்யா. அவருக்காக என்று சொல்லிக்கொண்டு அதைத்தான் நான் செய்கிறேன்.

“என்ன தாயி, கோவம் தீரலையா?” என்றார் சின்னய்யா.

“தீராது.”

“ஒங்கய்யா மாதிரியே இருக்க. எதுக்குக் கோவம்னு கேட்டா மட்டும் சொல்லத் தெரியாது.”

எனக்குச் சொல்லத் தெரியும் என்றேன். சொல்லு என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், “சனிக்கிழமையே வச்சுக்கங்க. ஆனா எண்ணெய அம்மா வைக்கட்டும்” என்றேன். அம்மா, “நான் எப்படி வைக்கிறது? கடைசியா ஊட்டுனது நீதானடி? ஊரு பாக்க வழக்கத்த மாத்துனா, என்ன ஏதுன்னு கேக்க மாட்டாகளா?” என்றாள். கேட்பார்கள்தான்.

ஏப்ரல் 25, வெள்ளி

காலையில் மாவாட்டினேன். பந்தலுக்கு வாழைமரம் வந்தது. பெரியம்மா செண்பகம் மதுரையிலிருந்து மறுபடி வந்து இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் கட்டையாக நின்றேன். அவள் அய்யாவுக்கு எட்டு மாதம் கால் கழுவிவிட்டவள். துளசித் தொட்டியில் ஒன்றுக்கு இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லாதவள். அவளிடம்கூட என்னால் நல்ல முகம் காட்ட முடியவில்லை.

சரி, எழுதுகிறேன். இந்த டைரியிடமே பொய் சொல்லிக்கொண்டு எத்தனை நாள் போவது?

செவ்வாய்க்கிழமை பெரியப்பா சொன்னது இது: “பூட்டுனது நான். படுக்கப் போட்டது நீ.”

செப்டம்பரில் போன் வந்தது. அய்யா கம்பிக் கதவைப் பிடித்து உலுக்குகிறார், கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள், பெரியம்மாவைத் தள்ளிவிட்டுவிட்டார், நீ மருந்துக்காரிதானே, எதையாவது செய் என்றார் பெரியப்பா. டாக்டரிடம் காட்டுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் நாலு வருஷம் படித்தேன். சீட்டு இல்லாமல் ஒருத்தருக்கும் தூக்க மாத்திரை கொடுக்காதவள் நான். கவுண்டரில் எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன். அய்யாவுக்கு மட்டும் வெளியே ஒரு கடையில், தெரிந்த பையனிடம் சொல்லி வாங்கி, மாதா மாதம் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். அரை மாத்திரை, பாலில் கரைத்து, சாயங்காலம் என்று துண்டுச் சீட்டும் எழுதி வைத்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அடுத்த மாதம் பெரியப்பா போனில், “நல்லாத் தூங்குறாரு, தொந்தரவே இல்ல” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

சித்திரை முதல் தேதி, திங்கட்கிழமை, மீன்பிடிக்காக அய்யாவை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். எலும்பும் தோலும். ஆனால் காரைவிட்டு இறங்கியதுமே நிமிர்ந்து நின்று, “மேக்காத்து வீசுது” என்றார். எட்டு மாதத்தில் முதல் தரம் கண் தெளிவாக இருந்தது. நேராகக் கண்மாய்க்கு நடந்தார். மடைக்கு இறங்கும் இடத்தில் கால் மடிந்து விழுந்தார். சின்னய்யாதான் தூக்கி வந்தார். நிறுத்திவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நிறுத்தவில்லை. அன்றைக்கும் அரை. செவ்வாய்க்கிழமையும் அரை.

புதன்கிழமை அம்மா தன் தம்பி பெண்டாட்டி வளைகாப்புக்குப் போயிருந்தாள். மறுநாள் எனக்குக் காலையிலேயே தடுப்பூசி முகாம். அப்பாவுக்கு உழவு. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான் திரும்பி வரும்வரை எழுந்திருக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

முழு மாத்திரை போட்டேன்.

ஒரு மாத்திரையில் ஆள் சாவதில்லை. எனக்குத் தெரியும். எண்பத்து நாலு வயதில், அந்த உடம்பில், என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்தவள்தான் போட்டேன். காலையில் தொட்டபோது சில்லென்றிருந்தார்.

ஏப்ரல் 26, சனி

கருமாதி முடிந்தது.

பந்தல் நிறையக் கூட்டம். பெரியப்பாவும் அப்பாவும் மொட்டையடித்து, ஈர வேட்டியோடு கிழக்கே பார்த்து மனையில் உட்கார்ந்தார்கள். அம்பலம் எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். “மூத்தவருக்கு மொதல்ல வையித்தா.”

பெரியப்பா தலையைக் குனிந்தார். மழித்த தலையில் ஒரு பழைய தழும்பு தெரிந்தது. பதினோரு வயதில் அந்தத் தலையை முதல்முறை மழித்திருப்பார்கள் என்று தோன்றியது. எண்ணெயைத் தொட்ட விரலை என்னால் கொண்டுபோக முடியவில்லை.

“இந்தக் கை வைக்கக் கூடாது” என்றேன்.

“மறுபடியும் ஆரம்பிக்கிறாடா” என்று யாரோ சொன்னார்கள். அம்மா, “வாசுகி, வாய மூடு” என்றாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்தக் குரலில் புரிந்துகொண்டேன்.

சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். செப்டம்பரிலிருந்து அய்யாவைத் தூங்க வைத்தது மாத்திரை, அதை வாங்கி அனுப்பியது நான், கடைசி நாள் பாலில் முழு மாத்திரை போட்டதும் நான். பிளெக்ஸில் போட்டிருப்பது அத்தனையும் பொய் என்றும் சொன்னேன். அது தேவையில்லாதது. ஆனாலும் சொன்னேன்.

பந்தலில் சமையல் அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. முத்துராக்கு அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். யாராவது என்னைத் திட்டுவார்கள், பிடித்துத் தள்ளுவார்கள் என்று காத்திருந்தேன். அதற்குத்தான் நின்றேன்.

பெரியப்பா தலையைத் தூக்காமலே பேசினார். “நாந்தான் கேட்டேன். போன் பண்ணிக் கேட்டது நான். அது புள்ள, அனுப்புச்சு.”

அப்பா அழுதார். அம்பலம் என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு, “வழக்கம் நல்ல கையா கெட்ட கையான்னு கேக்கலத்தா. கடைசியா ஊட்டுன கை எதுன்னுதான் கேக்குது. வையி” என்றார்.

வைத்தேன். பெரியப்பா தலை சுட்டது. சீயக்காயும் வைத்தேன். அப்பாவுக்கும் வைத்தேன். அவர்கள் எழுந்து முழுகப் போனார்கள். இலை போட்டார்கள். இருநூறு இலையும் நிறைந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்கு அதுவும் கோபமாகத்தான் இருந்தது. நான் சொன்னதைக் கேட்ட பிறகும் ரசம் போதவில்லை என்கிறார்கள்.

சாயங்காலம் கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளக்கண்ணு சின்னய்யா வந்து எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்.

“நீங்களாச்சும் என்னைய திட்டுங்க சின்னய்யா” என்றேன்.

“எதுக்கு? எனக்கு முன்னாடியே தெரியும்.”

கையில் இருந்த தேங்காய் நார் நின்றுவிட்டது.

“புதங்கிழமை நீ பாலக் குடுத்துட்டு உள்ள போன பாரு, அப்பத்தான் நான் வந்தேன். அண்ணன் வாயத் தொடச்சுக்கிட்டு இருந்தாக. ‘கசக்குதுடா வெள்ள’ன்னாக. ‘மதுரையிலயும் இதே கசப்புத்தான். செண்பகம்தான் என்னமோ போடுதுன்னு நெனச்சேன். எங்கிருந்து வந்துச்சுன்னு இங்க வந்துதான் தெரியுது’ன்னாக.”

மேற்கொண்டு நான் கேட்காமலே சொன்னார்.

“அப்ப எதுக்குண்ணே குடிச்சீகன்னு கேட்டேன். ‘துப்பிரலாம்னுதான் வாய்ல வச்சிருந்தேன். புள்ள பாத்துக்கிட்டே நிக்கிது. முழுங்கிட்டேன்’னாக.”

அதைச் சொல்லிவிட்டு, விளக்கி வைத்த ஒரு வாளியை எடுத்துக்கொண்டு மீன்பிடிக்கு வேண்டும் என்று போய்விட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

விடிகிறபோதே ஊர் முழுக்கக் கரையில். திருப்பூர், கோயம்புத்தூர், எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். பெரியப்பா மடைமேல் ஏறினார். மொட்டைத் தலை, சட்டை இல்லாத உடம்பு, தொந்தி. கை தூக்கத் தெரியவில்லை. துண்டு காற்றில் அவர் முகத்திலேயே சுற்றிக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை. சுற்றியதைப் பிய்த்து எடுத்து வீசினார். அத்தனை பேரும் ஒரே சத்தத்தோடு இறங்கினார்கள்.

நானும் இறங்கினேன். கையில் ஒன்றும் இல்லை. சேறு முழங்கால் வரைக்கும் இழுத்தது. என்னைத் தாண்டி ஓடிய முத்துராக்கு அத்தை, “நிக்காத, கால எடுத்து வச்சுக்கிட்டே இரு” என்று கத்திவிட்டுப் போனாள். பெரியப்பா பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கி, யாருடைய ஊத்தாவையோ வாங்கிக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. விடவில்லை, கவிழ்த்துக்கொண்டே இருந்தார்.

வழக்கப்படி முதல் மீன் துண்டு வீசிய வீட்டுக்கு வந்தது. பெரிய விரால். அம்மா அறுத்தாள், நான் குழம்பு வைத்தேன். எல்லோருக்கும் பரிமாறினேன். உப்பு சரியாக இருக்கிறது என்றார்கள்.

அய்யா, உங்களிடமே சொல்கிறேன், பெரியப்பா மேல் இருந்த கோபம் நேற்றே போய்விட்டது. ஒன்றுமே சொல்லாத அப்பா மேலும் இல்லை. என் மேல் இருப்பது போகப்போவதில்லை, அதோடு இருந்து பழகிக்கொள்வேன். உங்கள் மேல் வந்திருக்கிறதே, அதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

ஊரையே அதட்டிய வாய். முட்டை எடுத்தவனை அறைந்த கை. காற்று எந்தப் பக்கம் என்று சொல்லாமல் ஒரு வாய் சோறு தின்னாதவர். வாயில் இருந்தது என்னவென்று தெரிந்தே நின்றீர்கள், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம், அந்தப் பாலை என் முகத்தில் துப்பி, என்னடி போட்ட என்று கேட்டிருந்தால் நான் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பேன். கையைப் பிடித்துக்கொண்டு இருட்டுகிற வரைக்கும் கண்மாயில் நிற்க வைத்திருப்பேன். முகாமாவது மண்ணாங்கட்டியாவது.

யாருக்கும் பணியாத மனிதர் எனக்கு மட்டும் எதற்குப் பணிந்தீர்கள்? உங்களை யார் முழுங்கச் சொன்னது?